பிடி மாறினால் எண்ணும் மாறும்

“உங்கள் டிரைவர் 255” என்று ஒரு கோல்ஃப் பட்டறைக்காரர் சொன்னால், உடனே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “எத்தனை அங்குலம் கவ்வி அளந்தீர்கள்?” பதில் வராவிட்டால் அந்த 255-ஐ நம்பி ஷாஃப்டை, அதாவது கிளப்பின் தண்டை, மாற்றாதீர்கள்.

கிளப்பின் பிடிமுனையைக் கிளாம்பில் இறுக்கி, தலையைச் சற்றே இழுத்து விடுவார்கள். நிமிடத்துக்கு எத்தனை முறை அது ஆடுகிறது என்று கருவி எண்ணும். அந்த எண்தான் சிபிஎம்; மேலே சொன்ன 255-உம் அதுதான். ஷாஃப்ட் விறைப்பாக இருந்தால் எண் ஏறும், தளர்வாக இருந்தால் இறங்கும். ஆர், எஸ், எக்ஸ் என்ற விறைப்பு எழுத்துகளுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் எஸ் இன்னொன்றின் ஆர் ஆக இருக்கலாம். இந்தக் குழப்பத்தைத் தாண்டத்தான் 1970களில் அமெரிக்காவின் ஜோசப் பிரேலி, அதிர்வெண்ணை வைத்து ஷாஃப்டுகளைப் பொருத்தும் முறையை வளர்த்தெடுத்தார். ரைஃபிள் ஷாஃப்டுகள் அந்த வழியில் வந்தவை.

ஆனால் எழுத்தைவிட எண் நம்பகமானது என்பது, எல்லோரும் ஒரே மாதிரி அளக்கும்வரைதான்.

பள்ளியில் ஸ்கேலை மேசை விளிம்பில் அழுத்திச் சுண்டியவர்களுக்கு இது புரியும். வெளியே நீட்டிய பகுதி நீண்டால் ஆட்டம் மந்தமாகும், குறைந்தால் வேகமெடுக்கும். ஷாஃப்டும் அப்படித்தான். 45 அங்குல டிரைவரில் 5 அங்குலத்தைக் கவ்வினால் 40 அங்குலம் ஆடும். கவ்வும் நீளம் அரை அங்குலம் குறைந்தால், ஒரே சீரான தண்டு என்ற கணக்கில், 255 என்பது 250 ஆகிவிடும். தலையில் ஏறக்குறைய 8 கிராம் கூட்டினாலும் இதே இறக்கம்தான் வரும். அசல் ஷாஃப்ட் பிடிமுனையில் தடித்து விறைப்பாக இருப்பதால் வித்தியாசம் கொஞ்சம் குறையும், ஆனால் மறைந்துவிடாது.

அயர்ன் செட்டில் இது இன்னும் வலிக்கும். கிளப்புக்குக் கிளப் சுமார் 4 சிபிஎம் ஏற வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் பொருத்துகிறார்கள். 37.5 அங்குல அயர்னில் அதே அரை அங்குலப் பிசகு, அதே கணக்கில், 300-ஐ 293 ஆக்கும். குறை கிளாம்பில் இருக்க, நல்ல ஷாஃப்டைக் கழற்றி வீசுவார்கள்.

நீளம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. ரப்பர் கிரிப்பின் மேலேயே கவ்வினால் ரப்பர் அமுங்கிக் கொடுக்கும். வெறும் ஷாஃப்டில் வந்ததைவிட எண் இறங்கும். தாடைகள் இணையாக இருந்து ஷாஃப்ட் கூம்பி இருந்தால், பிடிப்பு ஒரு முனையில் மட்டும் விழும். தளர்வாக இறுக்கினால் ஷாஃப்ட் உள்ளேயே அசையும். அளவுமீறி இறுக்கினால் கிராஃபைட் சுவர் நசுங்கும். கிளாம்பைத் தாங்கும் மேசை லேசாக இருந்தால் மேசையும் சேர்ந்து ஆடி எண்ணைக் கீழே இழுக்கும். ஷாஃப்டின் விறைப்பு எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால், தலை நேர்கோட்டில் ஆடாமல் வட்டமடிக்கத் தொடங்கும். ஷாஃப்டைத் திருப்பி வைத்தால் வேறு எண் வரும்.

ஆட்டக்காரரின் கை இரும்புக் கிளாம்ப் இல்லையே என்று கேட்கலாம். உண்மை. சதையும் மணிக்கட்டும் விட்டுக்கொடுக்கும். மேலிருந்து பந்துக்கு இறங்கும் வீச்சே சுமார் கால் நொடியில் முடிந்துவிடும். 255 சிபிஎம்மில் ஒரே ஒரு முழு ஆட்டத்துக்குத்தான் அந்த நேரம் போதும். ஆகவே மைதானத்தில் ஷாஃப்ட் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சிபிஎம் அப்படியே சொல்லிவிடாது. ஒரு ஷாஃப்டை இன்னொன்றோடு ஒப்பிடத்தான் அது உதவும். ஒப்பீட்டுக்கு உயிரே ஒரே மாதிரியான பிடிதான்.

பட்டறைகள் செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. ஷாஃப்ட் ஒவ்வொரு முறையும் அதே ஆழத்தில் நிற்க, கிளாம்பின் பின்புறம் ஒரு தடுப்பு வைக்கலாம். ஒரு இரும்புக் கம்பியைத் தனியே வைத்துத் தினமும் முதலில் அதையே அளக்கலாம். நேற்றைய எண் இன்றும் வந்தால் கருவி சரி. ஷாஃப்டை மூன்று முறை கழற்றி மாட்டி அளந்து, மூன்றும் ஒத்துவந்தால் மட்டுமே குறித்துக்கொள்ளலாம். அந்தக் குறிப்பில் “255” என்று நிறுத்தாமல், “255, 5 அங்குலப் பிடி, கிரிப் இல்லாமல்” என்று எழுத வேண்டும். அந்தச் சீட்டோடு வேறு பட்டறைக்குப் போனாலும், அங்கேயும் அதே பிடியில் அளந்து உங்கள் ஷாஃப்டைச் சரிபார்க்க முடியும்.