மாற்றமும் மறைப்பும்

வட லண்டனிலுள்ள மஸ்வெல் ஹில் என்னும் பகுதியில், தாம் பின்னர் மணந்துகொண்ட பெண்ணின் பெற்றோர் வீட்டுக்குப் பின்புறத்துக் கராஜ் ஒன்றில், யூனிவர்சிடி காலேஜில் பொறியியல் பயின்ற காலின் சாப்மன் என்னும் வாலிபர், விலைபோகாமல் தம் கையில் தங்கிவிட்ட பழைய ஆஸ்டின் செவன் காரொன்றின் மேற்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அலுமினியத் தகடு ஒட்டிய பலகைகளைக் கொண்டு, ஆகாய விமானங்களின் கட்டுமான முறையைப் பின்பற்றிப் புதுக்கூடு ஒன்றை 1948ஆம் ஆண்டில் அமைத்தார். உலகப் புகழ் எய்திய லோட்டஸ் கார்களின் வமிசம் அந்தக் கராஜிலிருந்துதான் தொடங்குகிறது. இன்று அதே நகரத்தில், அதே அளவுள்ள ஒரு கராஜில், 1960களில் செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஒருவர் அறுத்து வேறு விதமாக அமைப்பாரானால், அபிமானிகளில் ஒரு சாரார் அவரைப் பொக்கிஷத்தைப் பாழாக்கியவர் என்று தூற்றுவார்கள். மற்றொரு சாரார் அவருடைய சாமர்த்தியத்தை மெச்சுவார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வீட்டிலேயே புதுப்பிப்பதும் மாற்றியமைப்பதுமாகிய இப்பழக்கத்தில் எது குணம், எது தோஷம் என்பதைச் சற்று நிதானமாகவே ஆராய வேண்டியிருக்கிறது.

தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கோலம் அணுவளவும் மாறலாகாது என்று வாதிப்பவர்கள், ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரின் பூர்வோத்தரத்தை மறந்துவிடுகிறார்கள். ஆக்ஸ்போர்டிலிருந்த மாரிஸ் கராஜஸ் என்னும் விற்பனை நிலையத்தை நிர்வகித்த செசில் கிம்பர், 1920களில் சாதாரண மாரிஸ் கார்களை வாங்கி, அவற்றின்மீது இலகுவான கூடுகளை ஏற்றி விற்றதன் விளைவே எம்.ஜி. என்ற பெயர். 1957இல் வெளிவந்த லோட்டஸ் செவன் கார், பாகங்களாகவே பெட்டியில் வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்பவருக்குக் கொள்முதல் வரி இல்லை என்ற விதியை அனுசரித்துப் பெரிதும் அவ்வாறே விற்கப்பட்டது. 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்து அந்தச் சலுகையை ஒழிக்கும்வரை, எத்தனையோ குமாஸ்தாக்களும் மாணவர்களும் தங்கள் வீட்டு முற்றத்தில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டினார்கள். நம் நாட்டிலும் கோயம்புத்தூரில் கரிவர்தன் என்பவர் மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார்களை அமைத்து, பல இளைஞர்களுக்குப் பந்தயத் தளத்தில் இடம் தேடிக் கொடுத்தது இதே மரபைச் சேர்ந்த காரியம்தான். சாப்மனின் அந்த முதற்கார் 1950இல் விற்கப்பட்டுப் பின்னர் காணாமற்போயிற்று. லோட்டஸின் எழுபதாம் ஆண்டாகிய 2018இல் அதைத் தேடித் தரும்படி பகிரங்க வேண்டுகோள் விடுக்கப்பட்டது. அது அகப்படுமானால், ஆஸ்டின் செவன் ஒன்றைச் சிதைத்துச் செய்த அந்த மாற்றத்தின் ஒவ்வொரு ஆணியும் இன்று மூலமென்று பூஜிக்கப்படும். ஆகவே மாற்றம் என்பதையே குற்றமாகக் கொள்வது சரித்திரத்துக்குப் பொருந்தாத வாதம்.

இப்பழக்கத்தின் தலையாய குணம், அது கைக்குத் தரும் அறிவு. லண்டன் வீடுகளில் அதிகமாகப் புதுப்பிக்கப்படும் கார்களில் ஒன்றாகிய எம்.ஜி.பி.யை உதாரணமாகக் கொள்வோம். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட இக்காரின் 1798 சி.சி. எஞ்சினில், சாமானியன் தொட்டுப் பார்த்து விளங்கிக்கொள்ள முடியாதது எதுவும் இல்லை. அதன் எஸ்.யூ. கார்பரேட்டரில், எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வேகத்துக்கேற்ப ஒரு பிஸ்டன் தானே உயர்ந்து தாழ்கிறது. அதனடியில் தொங்கும் கூம்பிய ஊசி, பெட்ரோல் வரும் துளையை அதற்கேற்பத் திறந்தும் அடைத்தும் கொடுக்கிறது. கலவை சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. அந்தப் பிஸ்டனை நெல்மணி கனத்துக்கும் குறைவாகத் தூக்கிப் பிடித்துக் காது கொடுத்தால் போதும்: எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் மிகுதி, தடுமாறி அணைந்தால் பெட்ரோல் குறைவு, ஒரு கணம் கூடிப் பிறகு பழைய கதிக்குத் திரும்பினால் சரியான பக்குவம். பானெட்டைத் திறந்தால் கறுப்பு மூடியொன்றைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குப் படாத இன்றைய கார்களோடு வாழ்பவனுக்கு, காரணமும் காரியமும் இப்படிப் பிரத்தியட்சமாகத் தெரியும் யந்திரம் ஒன்று கிடைப்பது சாமானிய பாக்கியமன்று.

உதிரிபாகங்களின் நிலையும் இதற்கு அனுகூலமாகவே இருக்கிறது. 1988இல் பழைய அச்சுகளையே தேடியெடுத்து எம்.ஜி.பி.யின் முழுக்கூடும் புதிதாகத் தகட்டில் அடிக்கப்பட்டதிலிருந்து, பணம் செலவிடச் சித்தமாயிருப்பவர் ஏறக்குறையக் கார் முழுவதையுமே கடையில் வாங்கிவிடலாம். ஆனால் அந்த அனுகூலமே ஒரு பிரதிகூலமுமாகிறது. துருப்பிடித்த தகட்டைச் சுத்தியால் தட்டி நேராக்கும் பொறுமையையும், ஈயம் உருக்கிப் பள்ளம் நிரப்பும் பழைய டிங்கர் வேலையையும் கற்க வேண்டிய அவசியம் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது.

தோஷங்களுள் முதன்மையானது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நேர்வது. எம்.ஜி.பி.க்குத் தனியான சேஸிஸ் கிடையாது. கதவின் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே நீளும் அடிப்பட்டைகள்தாம் கூரையற்ற அக்காரின் பாரத்தைத் தாங்குகின்றன. உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு என்று மூன்றும் சேர்ந்து பெட்டிபோல் அமைந்த அப்பட்டைக்குள் நீர் தேங்கி உள்ளிருந்தே துரு அரிக்கிறது. அதைச் செப்பனிடுபவர் முதலில் கதவின் இடைவெளிக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் செய்து, அளவெடுத்து வைத்துக்கொண்ட பிறகே பழைய தகட்டை வெட்ட வேண்டும். அவசரத்தில் அவ்வாறு செய்யாமல் வெட்டினால், கார் நடுவில் தொய்ந்து கதவின் மேல்விளிம்பு நெருங்கிவிடும். அதே நிலையில் புதுத்தகட்டை ஒட்டியபின் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். இதிலும் கொடியது, உளுத்த பட்டையை வெட்டாமலே அதன்மேல் பளபளப்பான தகட்டை மூடி ஒட்டிப் பட்டி தடவிச் சாயம் பூசி விற்பது. வாங்குபவர் காண்பது புதுக்கார்; அவர் ஏறி உட்கார்ந்து போவது துருவின்மேல்.

சட்டமும் இதற்கு வழிவிடுகிறது என்பதுதான் வருந்தத்தக்கது. 2018 மே 20 முதல், நாற்பது வயது கடந்து, கடந்த முப்பது ஆண்டுகளில் முக்கியமான மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு எம்.ஓ.டி. என்னும் வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை. எஞ்சின் முறையாக மாற்றப்பட்டு நல்ல பிரேக்கும் பூட்டப்பட்ட கார் சோதனைக்குப் போக வேண்டியிருக்க, மாற்றமே இல்லாமல் உளுத்துப்போன கார் எவர் கண்ணிலும் படாமல் சாலைக்கு வரலாம் என்ற விநோதம் இதனால் விளைகிறது. வீட்டுக் கராஜுக்கே உரிய அபாயங்களும் உண்டு: பழைய பிரேக் பட்டைகளில் படிந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசியை வாயால் ஊதிவிடுவதும், தக்க சுவாசக்கவசமின்றி இருகலவைப் பெயிண்டை அடைத்த கராஜுக்குள் தெளிப்பதும் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியவை.

இரண்டாவது தோஷம், அளவுக்கு மீறிய அழகு. நம் ஊர்க் கோயில்களில் திருப்பணி என்ற பெயரால் கல்வெட்டுகளின்மீது மணலைப் பீய்ச்சியடித்ததையும், பழைய சுவரோவியங்களின்மீது சுண்ணாம்பு பூசியதையும் கண்டு வருந்தியவர்களுக்கு, இங்கே கார்களுக்கு நேர்வது நன்றாக விளங்கும். தொழிற்சாலையிலேயே சற்றுக் கோணலாக அமைந்த கதவிடுக்கு, ஏதோ ஒரு தொழிலாளி சாக்கட்டியால் உள்தகட்டில் இட்ட குறி, முதல் சொந்தக்காரர் ஒட்டிய பந்தயச் சீட்டு ஆகிய யாவும் போய், எந்தக் காலத்திலும் இருந்திராத கண்ணாடிப் பளபளப்பு ஏறிவிடுகிறது. மூலத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொள்பவரே மூலத்தின் சாட்சியங்களை அழிப்பது இவ்விடத்தில்தான். பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனமாகிய ஃபிவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், புதுப்பிப்பதைவிடப் பேணுவதே மேல் என்றும், செய்தவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் வற்புறுத்துவது இக்காரணத்தால்தான்.

இனி, மாற்றங்களிலும் தாரதம்மியம் உண்டு. 2000ஆம் ஆண்டில் ஈயங்கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டபின் வால்வு அமரும் இடத்தில் கடினமான வளையம் பதிப்பதும், 2021இல் பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பொதுவழக்கானபின் ரப்பர்க் குழாய்களை மாற்றுவதும் காலத்தின் நிர்ப்பந்தங்கள். இவற்றைக் குறைகூறுவார் இல்லை. 1970ஐ ஒட்டிக் கென் காஸ்டெல்லோ என்பவர் எம்.ஜி.பி.யில் எட்டு சிலிண்டர் எஞ்சின் பூட்டிக் காட்டினார். அலுமினியத்தாலான அவ்வெஞ்சின், பழைய வார்ப்பிரும்பு எஞ்சினோடு ஏறத்தாழச் சம எடையாக இருந்தபடியால் காரின் சமநிலை குலையவில்லை. 1973இல் தொழிற்சாலையே அவ்வழியில் ஒரு காரை வெளியிட்டது. சிந்தித்துச் செய்த மாற்றத்துக்கு இது நல்ல சான்று. வலுவைக் கூட்டிவிட்டுப் பிரேக்கையும் அச்சையும் பழையபடியே விட்டுவிடுவது சிந்தியாமற் செய்வதற்குச் சான்று. மின்சார மோட்டாரைப் பூட்டும் புது மோகமோ இன்னும் சர்ச்சைக்குரியது. 2018இல் விண்ட்சரில் நடந்த அரச திருமணத்தில் மணமக்கள் ஏறிச் சென்றது மின்சாரத்துக்கு மாற்றிய 1968ஆம் ஆண்டு ஜாகுவார் ஈ-டைப் கார். புகையில்லை, இரைச்சலில்லை என்பது உண்மையே. ஆனால் எஞ்சினோடு பேசக் கற்றுக்கொடுக்கும் அந்தக் கல்வியும் இல்லாமற்போகிறது என்பதும் உண்மை.

எத்தனை பாகம் மாறினால் கார் வேறாகிறது என்னும் வினா, லண்டனில் நீதிமன்றம் வரையில் போனதுண்டு. கிரிக்கிள்வுட்டில் செய்யப்பட்டு 1929, 1930 ஆகிய ஈராண்டும் லீ மான்ஸ் பந்தயத்தில் வென்ற ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்னும் பெண்ட்லி, பின்னர் எஞ்சின் மாறி, 1932இல் புரூக்லண்ட்ஸில் தன்னை ஓட்டிய கிளைவ் டன்ஃபீயின் உயிரைக் குடித்த விபத்துக்குள்ளாகி, மறுபடி வேறு கூடு ஏறி வந்தது. அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பிய நிறுவனம் அது உண்மையான கார் அன்று எனப் பின்வாங்கவே, 1990இல் வழக்கை விசாரித்த நீதிபதி ஆட்டன், மூலப்பாகங்கள் பெரும்பாலும் இல்லாவிடினும் இடையறாத சரித்திரம் இருப்பதால் அது அதே கார்தான் என்று தீர்ப்பளித்தார். அந்தச் சரித்திரத்தை நிரூபிக்க முடிந்தது பதிவுகள் இருந்தமையால்தான் என்பது நாம் கவனிக்க வேண்டிய அம்சம்.

நகரத்தின் பார்வையில் மற்றொரு நியாயமும் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும் விரிந்த புகைக் கட்டுப்பாட்டு மண்டலத்தில், ஈஸ்ட் ஹாமில் கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவர் தம் 2014ஆம் ஆண்டு டீசல் வேனை எடுத்தால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டியிருக்கும். நாற்பது வயது கடந்து சரித்திர வாகனமாகப் பதிவான ஸ்போர்ட்ஸ் காருக்கோ அது இல்லை. மாதம் இருமுறை வெளிவரும் காரால் காற்றுக்கு நேரும் கேடு சொற்பம் என்ற சமாதானம் ஒப்பத்தக்கதே. ஆயினும் பிழைப்புக்கு ஓடுபவன் செலுத்த, பொழுதுபோக்குக்கு ஓடுபவன் விலக்குப் பெறுகிறான் என்பதால், அந்தச் சலுகைக்குப் பதிலாகச் சில கடமைகளை ஏற்கும் பொறுப்பு பின்னவனுக்கு உண்டு.

அக்கடமைகள் பெரியவையல்ல. கழற்றிய பாகங்களை எறியாமல் காரோடு வைத்தல், வெட்டுமுன்னும் ஒட்டியபின்னும் படமெடுத்து வேலைக்குறிப்பு எழுதிவைத்தல், விற்கும்போது அதை வாங்குபவரிடம் ஒப்படைத்தல், சட்டம் கேட்காவிடினும் ஆண்டுக்கொருமுறை காரை எம்.ஓ.டி. சோதனைக்குக் கொண்டுபோய்ப் பிறர் கண்ணுக்குக் காட்டுதல் ஆகிய நான்கும் போதும். இவற்றைச் செய்பவர் எட்டு சிலிண்டர் பூட்டினாலும் மின்சார மோட்டார் பூட்டினாலும், பின்வருபவர் திருத்திக்கொள்ள வழியிருப்பதால், நஷ்டம் ஒன்றுமில்லை. இவற்றைச் செய்யாதவர் திருகாணி ஒவ்வொன்றையும் மூலப்படியே வைத்திருந்தாலும், அவருடைய வேலையை நம்புவதற்கு ஆதாரம் இல்லை. சோதனை விலக்கைப் பொறுத்தமட்டில், வீட்டில் வெல்டிங் செய்த எந்தக் காருக்கும் அது செல்லாது என்று அரசாங்கம் விதிப்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். தம் வேலையில் நம்பிக்கையுள்ள எவரும் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.