தேர்ச்சி விழுக்காடு எதை அளக்கிறது?

பிளஸ் டூ முடிவு வெளியான சில நிமிடங்களில் மாவட்டங்களின் வரிசைப் பட்டியலும் வந்துவிடுகிறது. 2025-ல் 98.82 விழுக்காட்டுடன் அரியலூர் முதலிடம். மாநிலம் முழுமைக்கும் 95.03. அரசுப் பள்ளிகள் 91.94. தனியார் சுயநிதிப் பள்ளிகள் 99-ஐ ஒட்டி. மாணவர்களை முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017-லேயே நிறுத்திவிட்டோம். நல்ல முடிவு அது. ஆனால் பள்ளிகளை இன்னும் இந்த ஓர் எண்ணை வைத்தே எடை போடுகிறோம். முதன்மைக் கல்வி அலுவலரின் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் எழுந்து நின்று பதில் சொல்வதும் இதற்குத்தான். அந்த எடை சரிதானா?

2023-ஐப் பார்ப்போம். அந்த மார்ச்சில் பிளஸ் டூ மொழித்தாளுக்கே சுமார் 50,000 பேர் வரவில்லை. மே மாதம் 94.03 விழுக்காடு தேர்ச்சி என்று அறிவித்தார்கள். தேர்வு எழுதிய 8,03,385 பேரால் வகுத்துக் கிடைத்த கணக்கு அது. பதிவு செய்திருந்த ஏறத்தாழ 8.51 லட்சம் பேரால் வகுத்தால் 89-ஐக்கூடத் தொடாது. 2021-ல் கொரோனா காரணமாகத் தேர்வே இல்லாமல் பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்ற பிள்ளைகள் இவர்கள். பலர் பிளஸ் ஒன்னிலேயே படிப்பை விட்டவர்கள், பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது என்பது அரசுத் தரப்பு விளக்கம். அந்த விளக்கத்தை ஏற்றாலும், பள்ளியின் கையிலிருந்து நழுவிய பிள்ளை பள்ளியின் கணக்கிலிருந்தும் நழுவிவிடுகிறது. அந்த அளவுகோலின் பெரிய ஓட்டை இதுவே.

தேர்ச்சி என்பதன் பொருளையும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் 15 எடுத்து, மற்ற இரண்டிலும் சேர்த்து 20 வாங்கினால் 35, தேர்ச்சி. 95 எடுத்தவளும் இந்த 35-ம் விழுக்காட்டுக் கணக்கில் ஒன்றுதான். ஆகவே விழுக்காட்டை உயர்த்த நினைக்கும் பள்ளி, 30-ல் நிற்கும் பிள்ளைக்கு மாலை வகுப்பு வைக்கும். 70-ல் நிற்கும் பிள்ளையை 90-க்குக் கொண்டுபோக அதற்குத் தூண்டுதல் ஏதும் இல்லை.

இனி யார் வருகிறார்கள் என்ற கேள்வி. அரசு மேல்நிலைப் பள்ளி யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. நூறு விழுக்காட்டைக் காப்பாற்ற ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பும் பள்ளிகளை ஊருக்கு ஊர் பெற்றோர் அறிவார்கள். அப்படி வரும் பிள்ளையையும் அரசுப் பள்ளிதான் சேர்த்துக்கொள்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களுக்கு விண்ணப்பிக்கத் தெரிந்த ஏழைப் பெற்றோர் நுழைவு வகுப்பிலேயே தனியார் பக்கம் போய்விடுகிறார்கள். மிஞ்சுபவர்களில் பெரும்பகுதி முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகள். 91.94-க்கும் 99-க்கும் இடையிலுள்ள ஏழு புள்ளிகளைக் கற்பித்தலின் குறை என்று படிப்பது தவறு.

அதற்காக எல்லாப் பழியையும் வீட்டின் மேல் போட்டுவிட முடியாது. ஆசிரியர் அறைகளில் அது எளிதாகக் கிடைக்கும் சமாதானம். 2025-ல் மாணவியர் 96.70, மாணவர் 93.16. ஆணும் பெண்ணும் ஒரே தெருவிலிருந்து, ஒரே சாதியிலிருந்து, ஒரே வருமானத்திலிருந்து வருகிறார்கள். பையன்கள் ஏன் பின்தங்குகிறார்கள் என்பதற்குச் சமூகப் பின்னணி மட்டும் விடையாகாது. வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் விடையில் பாதி கிடைக்கும் என்றே நினைக்கிறேன்.

மருத்துவச் சேர்க்கை இன்னொரு சோதனை. பிளஸ் டூ மதிப்பெண்படி இடம் கொடுத்த காலத்திலேயே அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்கள் ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான். நீட் வந்தபின் அது ஒற்றை இலக்கமானது. 2020-ல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்ததும் முன்னூறைத் தாண்டியது. அந்த ஆண்டுகளின் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் பார்த்தவருக்கு இந்த வீழ்ச்சியும் ஏற்றமும் தெரிந்திருக்க வழியே இல்லை.

விழுக்காட்டுக்கு ஆதரவாகவும் சொல்ல வேண்டியது உண்டு. அந்த எண்ணின் நெருக்கடி இல்லாவிட்டால் பல கிராமத்துப் பள்ளிகளில் ஆசிரியர் காலியிடம் நிரம்பியிருக்காது, சிறப்பு வகுப்பு நடந்திருக்காது. விளிம்பில் நின்ற ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதில் அதற்குப் பங்கு இருக்கிறது. எனவே அதை ஒழிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளிகளை ஒப்பிட அது தகாது. அதை வைத்துத் தலைமையாசிரியருக்கு விளக்கக் கடிதம் அனுப்புவது அநியாயம்.

மாற்று ஒன்றும் எட்டாத தூரத்தில் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் ஓர் எண் இருக்கிறது. பள்ளி மாறினாலும் அது கூடவே வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பள்ளியில் இருந்த நூறு பேரில் எத்தனை பேர் பிளஸ் டூ எழுதினார்கள், எத்தனை பேர் 60-க்கு மேல் எடுத்தார்கள், டி.சி. வாங்கிப் போனவர்கள் எங்கே போனார்கள், அடுத்த ஆண்டு எத்தனை பேர் கல்லூரியில் இருக்கிறார்கள் என்பதை அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் பள்ளிவாரியாக வெளியிடட்டும். முடிவு வரும் அதே நாளில் வெளியிடட்டும்.