கோந்து போட்ட பாட்டரி

‘காலையில் நூறு, மத்தியானத்துக்குள் இருபது’ என்று போனைப் பார்த்துப் புலம்புகிறவர்களுக்கு ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறார்கள். ஆப் எல்லாவற்றையும் தள்ளி மூடு என்பது அதில் பிரசித்தம். வீண் வேலை. அதை மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் கூடுதல் சக்தி செலவாகும். ஆப்பிளின் க்ரெய்க் ஃபெடரிகியே 2016-ல் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். எந்த ஆப் தின்கிறது என்று செட்டிங்ஸில் பட்டியலே இருக்கிறது.

அப்படியும் தேறவில்லையென்றால் பாட்டரிக்கு வயசாகிவிட்டது. மாற்றவேண்டியதுதான். அங்கேதான் வம்பு. பழைய நோக்கியாவில் நகத்தால் மூடியைக் கழற்றினோம். இப்போது கோந்து போட்டு ஒட்டிவிட்டார்கள். கேட்டால், தண்ணீர் புகாதாம். பாதி நிஜம். மீதி, புது போன் விற்கிற ஆசை என்பது என் சந்தேகம். பாட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தைச் சத்தமில்லாமல் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டது. திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கவாம். (அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!) கூச்சல் கிளம்பியதும் பாட்டரி மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29-க்கு இறங்கியது.

வாங்கினவரே பாட்டரியைக் கழற்றி மாற்ற முடியவேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் 2023-ல் சட்டம் போட்டு, 2027 பிப்ரவரி 18 என்று கெடுவும் வைத்தது. சில விலக்குகளும் உண்டு. கம்பெனி வக்கீல்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படித்திருப்பார்கள்.