மலைவழியும் முகவரியும்

வழி சொல்லும் எழுத்து எதுவாயினும் அதை இலக்கிய விமரிசனம் பொருட்படுத்தவேண்டும் என்பது நமது கருத்து. ஒரு மலையை அறியாதவனுக்கு அதன் வழியை எடுத்துரைப்பவன் எதைக் காண்கிறான், எதைக் காணாது விடுகிறான் என்பதிலிருந்து அவனது சமுதாய நோக்கை அறிந்துகொள்ளலாம். மேல்நாட்டில் தோன்றி உலகெங்கும் பரவியுள்ள இரண்டு விளையாட்டுகளை முன்வைத்து இதனை ஆராய முற்படுகிறோம். நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் இவ்விளையாட்டுகள் இன்னும் பெருவழக்காகவில்லை. ஆயினும் அவற்றின் பின்னே நிற்கும் நோக்கு நமது மலைகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

முதலாவது கடிதப்பெட்டி விளையாட்டு. இங்கிலாந்தின் தென்மேற்கே டார்ட்மூர் என்னும் மேட்டுநிலம் உளது. 1854ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அங்கே எளிதிற் சென்றடைய முடியாத கிரான்மியர் குளத்தருகே ஒரு குப்பியை வைத்தார். நடந்து சென்றவர்கள் தமது பெயர்ச்சீட்டை அதில் இட்டுத் திரும்பினர். பிற்காலத்தவர் தம் முகவரி எழுதிய அஞ்சலட்டைகளை இட்டுச் செல்ல, அடுத்து வருபவர் அவற்றை எடுத்துப்போய்த் தபாலிற் சேர்ப்பது வழக்கமாயிற்று. இன்று அப்பெட்டியினுள் ஒரு குறிப்பேடும் ஒரு றப்பர் முத்திரையும் இருக்கும். கண்டெடுத்தவர் தமது முத்திரையைப் பெட்டியின் ஏட்டிலும், பெட்டியின் முத்திரையைத் தமது ஏட்டிலும் பதித்துக்கொள்வார். பெட்டி இருக்குமிடத்தை ஒரு குறிப்பு உணர்த்தும். பாறையின் வடிவம், ஓடையின் வளைவு, மரத்தின் சாய்வு ஆகியவற்றைச் சொல்லிச் செல்லும் அக்குறிப்புகளிற் பல நமது விடுகதைக்கு நெருங்கிய உறவுடையவை.

இரண்டாவது விளையாட்டு இந்நூற்றாண்டின் வாசலிற் பிறந்தது. அமெரிக்க அரசாங்கம் தனது செயற்கைக்கோள் இடங்காட்டு முறையில், பொதுமக்கள் பெறும் சமிக்ஞைகளில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. மே 3ஆம் நாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்துவைத்து, அவ்விடத்தின் அகலாங்கு நெட்டாங்கு எண்களை வெளியிட்டார். ஜியோகேச்சிங் எனப்படும் இவ்விளையாட்டில் விடுகதை கட்டாயமன்று, எண்கள் போதும். கருவி காட்டும் புள்ளியை நோக்கி நடந்து, பெட்டியைத் திறந்து, ஒரு பொருளை எடுத்தால் ஒரு பொருளை வைத்துப் பெயரெழுதித் திரும்பலாம்.

ஒரே காட்டில், ஒரே பாறையிடுக்கில் இருசாராரும் பெட்டி மறைக்கத் தொடங்கியதும் பிணக்கு எழுந்தது. கையாற் செதுக்கிய முத்திரையை மாற்றுப்பொருள் என்றெண்ணி எடுத்துச் சென்றுவிடுகிறார்கள் என்று முன்னவர் குறைப்பட்டனர். பொது நிலத்தில் எவருக்கும் தனியுரிமை இல்லை என்றனர் பின்னவர். காலப்போக்கில் இணக்கமும் பிறந்தது. முத்திரையுடன் கூடிய கலப்புப் பெட்டி என ஒரு வகை ஏற்பட்டது. அதிலுள்ள முத்திரையை எடுத்தலாகாது என்பது விதி. எண்களைக்கொண்டு தேடுவோர் தம் பெட்டிகளுக்கிடையே 161 மீற்றர் இடைவெளி வேண்டுமென விதித்துக்கொண்டனர். நிலவுடைமையாளரின் அனுமதி பெறவேண்டும் என்பதும் அவர்தம் விதியே.

இவ்விணக்கத்தை நாம் பாராட்டுகிறோம். ஆனால் இவ்வழக்கில் கட்சிக்காரர் இருவர்தாமா? பெட்டியை மறைப்பவன் ஒருவன், தேடுபவன் ஒருவன், அனுமதி தரும் உடைமையாளன் ஒருவன். அந்நிலத்தில் வாழ்ந்து உழைப்பவன் எங்கே? உடைமையாளனும் வாழ்பவனும் ஒருவராக உள்ள இடத்தில் இக்கேள்வி எழாது. தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் ஒருவரல்லர்.

தமிழிலக்கியம் பயின்றோர்க்கு வழிசொல்லும் எழுத்து புதிதன்று. பத்துப்பாட்டிற் பாதி ஆற்றுப்படை நூல்களே. அவற்றுள் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளில் ஒரு மலைநாட்டின் வழியைக் கூத்தருக்கு எடுத்துரைக்கிறது. எங்கே வழுக்கும், எங்கே பாம்பு கிடக்கும் என்பதோடு அது நின்றுவிடவில்லை. தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு ஒதுங்கிச் செல்லச் சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறியைக் காட்டுகிறது. வழியிலுள்ள நடுகற்களைத் தொழுது செல்லச் சொல்கிறது. எந்தச் சிற்றூரில் யார் என்ன உணவிட்டு வரவேற்பர் என்பதையும் கூறுகிறது. அந்நூலின் வழி இறுதியில் ஒரு வள்ளலின் வாயிலிற்சென்று முடிவதையும், அதன் பின்னேயுள்ள கலைஞரின் வறுமையையும் நாம் மறக்கவில்லை. எனினும் அதன் மலையில் மனிதர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொழில் இருக்கிறது. அவர்களது தொழிலை மதித்தே வழிப்போக்கன் நடக்கவேண்டியிருக்கிறது. வழிநூலுக்கு நாம் கொள்ளும் உரைகல் இதுவே.

இவ்வுரைகல்லில் உரைத்தால் கடிதப்பெட்டியின் விடுகதை ஓரளவு மாற்றுத் தேறும். நிலத்தை உற்றுநோக்காமல் அதனை அவிழ்க்க இயலாது. வெறும் எண்களோ நிலத்தின் எந்த அறிவையும் கேட்பதில்லை. மனிதரைக் காண்பதில் இரண்டுமே குறைபாடுடையன.

இனி நமது மலைக்கு வருவோம். கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ பாதை என்ற நடைவழி அண்மை ஆண்டுகளில் வகுக்கப்பட்டிருக்கிறது. 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் இதற்கு ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் துணைநின்றன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் இவ்வழியில் உண்டு. இது பெட்டி தேடும் விளையாட்டன்று. ஆயினும் கைத்தொலைபேசியின் திரையில் நகரும் புள்ளியைப் பார்த்து நடப்பது, எல்லையை எட்டியதைப் பதிந்துகொள்வது என்ற முறையில் அது அவ்விளையாட்டின் உடன்பிறப்பே. குதிரையும் வண்டியும் செல்ல வெட்டப்பட்ட பழைய தோட்டப் பாதைகளே இவ்வழி. அவற்றை வெட்டிய கைகள் எவருடையவை என்பதை வாசகர் அறிவர்.

அப்பாதையில் நடப்பவரின் கண்ணுக்குப் படாத வேறொரு வாசிப்பு தோட்டத்தில் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு மலைக்கும் நம்பர் உண்டு. எந்த நம்பர் மலையின் கானில் கால் இடறும், எந்த மரத்தில் குளவிக்கூடு தொங்குகிறது என்பது அவளுக்கு மனப்பாடம். குளவி கொட்டி மருத்துவமனைக்குப் போவது நமது தோட்டங்களில் அடிக்கடி நிகழும் துயரம். கவ்வாத்துச்சாமி, கொழுந்துச்சாமி, ரோதைமுனி என்று தொழிலோடு பிறந்த தெய்வங்களும் உண்டு. அவற்றுட் பல மரத்தடியில் குங்குமம் பூசிய ஒரு கல்லேயன்றி வேறல்ல. பெட்டியை மறைப்பவனுக்கு அதே மரத்தடி, அதே கல்லிடுக்கு வசதியான இடம். மலைபடுகடாத்தின் கூத்தன் நடுகல்லைத் தொழுது நடந்தான். இன்று வருபவனுக்கு அது வெறும் கல் என்று தோன்றினால் குற்றம் அவனுடையது மட்டுமன்று. அவனுக்கு வழி சொன்ன எழுத்தினுடையதுமாகும்.

எனினும் நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது இன்னும் அடிப்படையான ஒன்றை. தோட்டத்தில் மலைக்கு நம்பர் உண்டு; தொழிலாளியின் பெயருக்குச் செக்றோலில் நம்பர் உண்டு; மறைத்துவைக்கும் தகரப்பெட்டிக்கும் சில மீற்றர் பிசகாத எண்கள் உண்டு. பல தோட்டங்களில் தொழிலாளி வாழும் வீட்டுக்கு மட்டும் முகவரி இல்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் பொது முகவரி. கடிதம் தோட்டக் கந்தோருக்கோ கடைக்கோ வந்து, கைமாறிக் கைமாறி லயத்தை அடைகிறது. ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு பெற்றோர் சிலரது நிலை மாறியிருக்கலாம். பெரும்பாலோர் நிலை அதுவன்று.

நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்திக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம், அத்தேர்வு முடிந்த நான்காம் நாள் கிடைத்தது. உறையில் அவள் பெயரும் தோட்டமும் பிரிவும் பிழையின்றி இருந்தன. அப்பிரிவில் அதே பெயருடையோர் மூவர். கடிதம் மூன்று லயங்களைச் சுற்றிவந்தது. டார்ட்மூரில் முன்பின் அறியாத வழிப்போக்கன் எடுத்துச்சென்ற அஞ்சலட்டை உரியவரை அடைந்தது. ஏனெனில் எழுதியவருக்கு ஒரு முகவரி இருந்தது.

இது தபால் இலாகாவின் சிறு குறைபாடன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 1964இன் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்க 2003இல் தனிச்சட்டம் வேண்டியிருந்தது. நாடு கிடைத்தும் நிலம் கிடைக்கவில்லை. நிலமின்மையின் வெளித்தோற்றமே முகவரியின்மை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியபோது, புதையுண்டோர் எத்தனை பேர் என்ற கணக்கே பல நாள் மாறிமாறி வந்தது. எந்த வீட்டில் எவர் வாழ்கிறார் என்பதை அரசாங்கம் அறிந்திருப்பதும் அறியாதிருப்பதும் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

விளையாட்டில் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று சிலர் கேட்பர். நடந்து பார்க்க வருபவர் நம் பகைவரல்லர். வேற்று நாட்டான் நம் மலையை அழகென்பதில் நமக்கு மகிழ்ச்சியே. அவர் வருகையால் பாதையோரத்துத் தேநீர்க் கடைக்குச் சில ரூபாய் கிடைப்பதையும் மறுக்கவில்லை. ஆனால் கோகிலம் சுப்பையா தமது நாவலுக்கு 1964இல் ‘தூரத்துப் பச்சை’ என்று பெயரிட்டதன் பொருள் இன்றும் தீர்ந்துவிடவில்லை. அருகே வந்து நடப்பவரையும் தூரத்திலேயே நிறுத்திவைக்கும் எழுத்து உண்டு என்பதே நாம் சொல்வது.

இதற்கு மாறான நடையையும் நாம் கண்டோம். 2023இல், நம்மவர் இம்மண்ணுக்கு வந்த 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தனர். முன்னோர் கால்நடையாக வந்து, பலர் வழியிலேயே மாண்ட பாதை அது. அவர்கள் தேடியது மறைத்துவைத்த பெட்டியையன்று. மறைக்கப்பட்ட வரலாற்றையும், நிலத்துக்கும் வீட்டுக்குமான உரிமையையும் முன்வைத்தே நடந்தனர்.

எனவே நமது தீர்ப்பு இது. மலைவழியை வகுப்போரும் பெட்டி மறைப்போரும் கந்தோரின் அனுமதியோடு நின்றுவிடாமல், அம்மலையில் வேலைசெய்வோரையும் லயத்து மக்களையும் கேட்கவேண்டும். அவர்கள் எழுதும் குறிப்புகளில் அம்மக்கள் வழங்கும் இடப்பெயர்களும் தெய்வங்களும் வேலைநேரங்களும் இடம்பெறவேண்டும். நமது எழுத்தாளர் கடமை இதனினும் பெரிது. தேயிலைத் தோட்டத்தின் வாழ்வைச் சி. வி. வேலுப்பிள்ளை 1954இலேயே ஆங்கிலக் கவிதையில் உலகுக்கு உரைத்தார். அவ்வழியில் வருவோர், லயத்தின் ஒவ்வொரு காம்பராவிலும் வாழ்பவரைப் பெயரோடும் ஊரோடும் எழுதவேண்டும். அத்தோடு, வீட்டுக்கொரு எண்ணும் பாதைக்கொரு பெயரும் வேண்டும் என்ற கோரிக்கையில் மக்களோடு நிற்கவும் வேண்டும். மலையில் ஒளித்த பெட்டியைத் தேடிக் கண்டுபிடிக்கும் இக்காலத்தில், லயத்திலிருக்கும் மாணவிக்கு அவளது கடிதம் உரிய நாளிற் போய்ச்சேர வழிசெய்வது இயலாத காரியமன்று.