பேகனுக்குப் போர்த்தும் மயில்கள்

பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று மு.க. ஸ்டாலின் கட்சிக்காரர்களைக் கேட்டுக்கொண்டார். 2021 ஆகஸ்டில் கர்நாடக முதல்வர் பசவராஜ் பொம்மை அரசு விழாக்களில் மாலை, சால்வை, பூங்கொத்துக்குத் தடை போட்டார். இரண்டுமே பாராட்டப்பட்டன. திருப்பூர் மேடைகளிலும் இப்போது புத்தகம் ஏறிவிட்டது. சால்வைதான் இறங்கக் காணோம். இறங்கினாலும், அதே வரிசையும் அதே குனிவும் அதே போட்டோவும் இருக்கும்வரை புத்தகமும் இன்னொரு காணிக்கைதான்.

பொன்னாடைக்கு ஆதரவாகச் சொல்லவும் விஷயம் உண்டு. மாலைபோல வாடாது. காலில் விழுவதைவிடக் கௌரவமானது. முதல் மரியாதை யாருக்கு என்று கோர்ட் வரை சண்டை போகிற ஊர்களில், யாரும் யாருக்கும் போர்த்தலாம் என்பதே பெரிய விஷயம். ஓய்வு பெறும் ஆசிரியருக்குப் போர்த்தினால் அதில் குறை காண ஒன்றுமில்லை.

அதிகாரத்தில் இருப்பவருக்குப் போர்த்தும்போதுதான் அது வேறாகிறது. ராஜாவை வெறுங்கையோடு பார்க்கப் போகக் கூடாது என்பது அரண்மனைக் காலத்து விதி. முகலாய தர்பாரில் அந்தக் காணிக்கைக்கு நஜர் என்று பெயர். ஆனால் அங்கேகூட ஆடை மேலிருந்துதான் கீழே வந்தது. கில்லத் என்னும் அங்கியைப் பாதுஷா வழங்குவார், வந்தவர் அணிந்துகொள்வார். திருப்பூருக்குத் தெற்கே பழனி மலையை ஆண்ட பேகன், குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை தந்தான். இன்றைய மேடையில் மயில்கள் வரிசையில் நின்று பேகனுக்குப் போர்த்துகின்றன.

இந்தியாவில் மன்னர் பட்டங்களையும் மானியத்தையும் 1971-இல் அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் ஒழித்தது. மன்னர் இன்னும் இருக்கிற பிரிட்டனிலோ, அரச குடும்பத்தைச் சந்திப்பவருக்குக் கட்டாய விதி எதுவும் இல்லை என்று அரண்மனையே சொல்கிறது. விரும்பினால் ஆண்கள் லேசாகத் தலை தாழ்த்தலாம், பெண்கள் சற்றே முழங்கால் மடக்கலாம். கை குலுக்கினாலும் போதும்.

திருப்பூரில் அந்தச் சலுகை கிடையாது. மந்திரியைப் பார்க்கப் போகும் தொழில் சங்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் எனத் தனித்தனியே போர்த்தியாக வேண்டும். ஒருவரை விட்டால் மனஸ்தாபம். கிடைத்த நேரத்தில் பாதி இதிலேயே கரைந்துவிடும். நூல் விலை, கரண்ட் பில், ஜாப் ஒர்க் கூலி என்று எழுதிக்கொண்டு போன மனு, “பார்க்கலாம்” என்ற ஒரு வார்த்தையோடு உதவியாளர் கைக்குப் போகிறது. அழுத்திக் கேட்க நாக்கு எழாது. சற்று முன் ராஜாவாக்கிய ஆளிடம் எப்படிக் கணக்குக் கேட்பது?

வெளிநாட்டு பையர் வந்தாலும் இதே கதைதான். வாசலில் கோலம், சந்தனம், குங்குமம். பருத்தி பனியனால் பேர் வாங்கிய ஊர் பாலியஸ்டர் ஜரிகைச் சால்வையைப் போர்த்துகிறது. ஒரு மணி நேரம் கழித்து சாம்பிள் ரூமில் பீஸுக்குச் சில சென்ட் குறைக்கச் சொல்கிறார் பையர். போர்த்திய கையே கால்குலேட்டரை எடுக்கிறது.

இப்படிப் போர்த்துவது தமிழர் பண்பாடு என்பவர்கள் புறநானூற்றைப் புரட்டலாம். அரச முரசு வைக்கும் கட்டிலில் ஏறித் தூங்கிவிட்ட புலவர் மோசிகீரனாருக்குச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை விசிறி வீசினான்.

சால்வை இல்லாமல் கேட்டவர்களும் உண்டு. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளைப் பாருங்கள். திருப்பூர் சாயக் கழிவால் நிலமும் கிணறும் ஒரத்துப்பாளையம் அணையும் பாழானபோது அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கோர்ட்டிலும் அரண்மனை வாடை உண்டு. ‘மை லார்ட்’ வேண்டாம் என்று 2006-இல் பார் கவுன்சில் சொல்லியும் அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் அங்கே கேட்ட கேள்விக்கு எதிர்த்தரப்பு பதில் சொல்லியாக வேண்டும்.

மந்திரிக்குப் போர்த்திய அதே சங்கத்துக்காரர் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகும்போது சால்வை கொண்டுபோவதில்லை. வரிசையில் நிற்கிறார், மனுவைக் கொடுக்கிறார், அதற்கு ஒரு நம்பர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். அடுத்த மாதம் அந்தத் துண்டுச்சீட்டை நீட்டி, என்ன ஆச்சு என்று அவரால் கேட்க முடிகிறது.