வடலூரை எப்படி ரசிப்பது?

வடலூருக்குப் போகிறவர்களில் பலர் இறங்கியதும் சத்திய ஞான சபைக்குத்தான் நடையைக் கட்டுகிறார்கள். எண்கோண மண்டபம், கண்ணாடிக்குப் பின்னே ஜோதி, அதை மறைக்கும் ஏழு திரைகள் எனக் கண்ணை இழுப்பதெல்லாம் அங்கேதான். ஆனால் ஊரை ரசிக்க நல்ல தொடக்கம், சத்திய தருமசாலையின் அடுப்படி.

இரண்டையும் நிறுவிய வள்ளலாரே அந்த வரிசையில்தான் போனார். தருமசாலை தொடங்கியது 1867 மே 23 அன்று. சபையில் ஜோதி வழிபாடு தொடங்கியது 1872 தைப்பூசத்தன்று. சபைக்கு நாலரை ஆண்டுக்கும் மேல் முன்பே இங்கே சோறு வெந்துவிட்டது. அன்று மூட்டிய நெருப்பை இன்றும் அணையவிடாமல் காக்கிறார்கள். நீண்ட அடுப்பின் மேல் வரிசையாக அண்டாக்கள். சாதி, மதம் கேட்காமல் வந்தவர்க்கெல்லாம் பந்தி.

அடுத்து, அவர் எழுதிய ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ நூலில் பசியைப் பற்றிய பகுதியைப் படிக்க வேண்டும். கண் மங்கிக் குழிகிறது, காது அடைக்கிறது, நாக்கு வறள்கிறது, தோல் மெலிகிறது என்று பசித்த உடம்பை உறுப்பு உறுப்பாகப் பார்த்துச் சொல்கிறார். சாப்பிட்ட பின் அந்த உடம்பு தெளிவதையும் விடவில்லை. தியானத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தவர் தன் மூச்சைக் கவனிக்கும் நிதானம், இங்கே அடுத்தவர் வயிற்றைக் கவனிக்கிறது. ஜீவகாருண்யம், அதாவது உயிர்களிடம் இரக்கம், இல்லாமல் செய்யும் தவம், ஜபம், தியானம் எதனாலும் அருள் கிட்டாது என்று அந்த நூலில் கறாராகவே எழுதியிருக்கிறார்.

இதைத் தெரிந்துகொண்டு சபைக்குப் போனால் திரைகள் வேறு மாதிரி தெரியும். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெள்ளை, கடைசியில் கலப்பு நிறம். ஆன்ம ஒளியை மறைக்கும் மறைப்புகளின் அடையாளம் இவை. ஏழும் விலகுவது தைப்பூசத்தில். அந்தச் சமயத்தில் தருமசாலைப் பக்கமும் ஒரு நடை போக வேண்டும். சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் அரிசி மூட்டையும் காய்கறியும் கொண்டுவந்து இறக்குவார்கள். திரை விலகுவதைப் பார்க்க வந்த கூட்டத்துக்குச் சோறு போடுவது இந்த மூட்டைகள்தான்.

கூட்டம் ஒத்துவராதவர்கள் சாதாரண நாளில் போகலாம். அணையா அடுப்பை நின்று நிதானமாகப் பார்க்க அதுவே வசதி. 1874 ஜனவரியில் வள்ளலார் அறைக்குள் சென்று கதவை மூடிக்கொண்ட சித்திவளாகம் பக்கத்து மேட்டுக்குப்பத்தில் இருக்கிறது. காலையிலேயே அதையும் பார்த்துவிட்டுத் திரும்பினால், மதியப் பந்தியில் உட்கார்ந்துவிடலாம்.