முதல் நியமனம்: ஃபேர்லேண்ட்ஸ் மருத்துவமனைகளும் இலங்கைத் தாதியர் சேவையும்

செவிலியர் பயிற்சியை முடித்துப் பதிவுச் சான்றிதழ் பெற்ற ஒருவர் தம் முதல் வேலையை அடையும் வழி, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏறத்தாழத் தலைகீழான வரிசையில் அமைந்துள்ளது. இலங்கையில் ஆளைத் தேர்ந்தெடுப்பது முதலிலும் பயிற்சி அதற்குப் பின்னும் நிகழ, தமிழ்நாட்டில் பயிற்சி முதலிலும் தேர்வு அதற்குப் பின்னும் நிகழ்கிறது. பார்வைக்குச் சிறியதாகத் தெரியும் இந்த வரிசை மாற்றம், படிப்புச் செலவை யார் ஏற்பது, காத்திருப்பு எந்த வயதில் நேர்வது, முதல் வேலையிலிருந்து உண்மையில் ஈட்டப்படுவது எது என்ற மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுகிறது.

தமிழ்நாட்டு முறையைக் காண்பதற்குச் சேலம் மாநகரின் ஃபேர்லேண்ட்ஸ் பகுதி பொருத்தமான இடம். ஐந்து ரோடு, அழகாபுரம், சொர்ணபுரி ஆகியவற்றோடு ஒட்டிக் கிடக்கும் இப்பகுதியில் தனியார் மருத்துவமனைகளும் ஸ்கேன் மையங்களும் ஆய்வகங்களும் நெருங்கி அமைந்திருப்பதால், சேலம், நாமக்கல் மாவட்டங்களின் நோயாளிகளோடு அம்மாவட்டங்களின் புதிய செவிலியர்களும் இங்கேயே வந்து சேர்கின்றனர். ராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம் வட்டாரங்களில் விசைத்தறி, லாரி, கோழிப்பண்ணை ஆகிய தொழில்களை நம்பிய குடும்பங்கள் பலவற்றில், மகளைச் செவிலியர் படிப்பில் சேர்ப்பது வேலைக்கு உறுதியான வழி என்று கருதப்படுகிறது. கல்விக் கடனும் அந்த நம்பிக்கையின் பேரிலேயே வாங்கப்படுகிறது.

அந்தப் படிப்பு பெரும்பாலும் இரு வகைப்படும். ஜி.என்.எம். எனப்படும் பொதுச் செவிலியம் மற்றும் பேறுகாலப் பணிக்கான பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகளும், பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுகளும் நடைபெறுகின்றன. இரண்டில் எதை முடித்தாலும், 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த தமிழ்நாடு செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் குழுமத்தில் பெயர் பதிந்த பின்னரே ஒருவர் முறைப்படியான செவிலியர் ஆகிறார். பெயருக்குப் பின்னால் ஆர்.என்., ஆர்.எம். என்று எழுதிக்கொள்ளும் உரிமையைத் தரும் அந்தப் பதிவு தொழில் செய்வதற்கான அனுமதி மட்டுமே. வேலைக்கான உறுதி அதில் ஏதும் இல்லை.

வேலை தேடுவது பெரும்பாலும் நேரில் சென்று கேட்பதாகவே இருக்கிறது. பெரிய மருத்துவமனைகள் கல்லூரிகளுக்கே வந்து வளாக நேர்காணல் நடத்துவதுண்டு. மற்றவற்றில், சீனியர் ஒருவர் சொல்லி அனுப்பியதை நம்பியோ, வரவேற்பறையில் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்தோ, சான்றிதழ்க் கோப்போடு நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அறையின் முன் அமர வேண்டும். அங்கு கேட்கப்படுபவை பாடநூலின் கடினமான பகுதிகள் அல்ல. இளஞ்சிவப்பு நிறக் கனூலா எத்தனை கேஜ் (20), நீல நிறம் எத்தனை (22), மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாயில் 500 மில்லிலிட்டர் டிரிப்ஸை நான்கு மணி நேரத்தில் ஏற்றி முடிக்க நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விட வேண்டும் (ஏறத்தாழ 42) என்பன போன்ற, இரவுப் பணியில் தனியாக நிற்பவர் உடனே சொல்லத் தெரிந்திருக்க வேண்டிய கேள்விகளே அவை. விடை சரியாக இருந்தால் அடுத்த பேச்சு சம்பளத்தைப் பற்றியதாக இராது; எப்போது சேரலாம், விடுதி வேண்டுமா, நைட் டியூட்டிக்கு வீட்டில் ஒப்புக்கொள்வார்களா என்பதாகவே இருக்கும்.

சம்பளம் கடைசியாகச் சொல்லப்படுவதற்குக் காரணம் உண்டு. ஓராண்டுச் செவிலிய உதவியாளர் படிப்பை முடித்தவர்களும், மருத்துவமனையிலேயே பழகி வேலை கற்றவர்களும் அதே வார்டில் குறைந்த ஊதியத்துக்குக் கிடைப்பதால், பதிவு பெற்ற புதியவரின் பேரம் பேசும் வலிமை தொடக்கத்திலேயே குன்றிவிடுகிறது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் இட்ட ஆணையின்படி மத்திய அரசு அமைத்த குழு, தனியார் மருத்துவமனைகளுக்கான ஊதிய அளவைப் படுக்கை எண்ணிக்கையோடு பிணைத்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவை மாநில அரசு ஊதியத்துக்கு இணையாகவும், 100 முதல் 200 வரை உள்ளவை அதில் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையாமலும், 50 முதல் 100 வரை உள்ளவை இருபத்தைந்து விழுக்காட்டுக்கு மேல் குறையாமலும், அதற்கும் சிறியவை மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமலும் தர வேண்டும் என்பது அதன் பரிந்துரை. கேரளம் 2018இல் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையின் மூலம் 20,000 ரூபாய் என்ற அடிமட்ட அளவுக்குச் சட்ட வலு கொடுத்தது. வேறு பல இடங்களில் குழு சொன்னது பரிந்துரை என்ற அளவோடு நிற்க, நடைமுறை ஊதியத்தைச் சந்தையே தீர்மானிக்கிறது.

அப்படியானால் குறைந்த சம்பளத்துக்குப் புதியவர் ஏன் இசைகிறார் என்ற கேள்விக்கு அனுபவச் சான்றிதழே விடை. வளைகுடா நாடுகளின் வேலைவாய்ப்புகள் பலவும், உள்நாட்டுப் பெருநகர மருத்துவமனைகளின் நல்ல பணியிடங்களும் இரண்டாண்டு அனுபவத்தைக் கேட்கின்றன. அந்த அனுபவமும் படுக்கை எண்ணிக்கை மிகுந்த மருத்துவமனையில், இயன்றால் தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றதாக இருந்தால் மதிப்புக் கூடுகிறது. ஆகவே முதல் வேலையின் உண்மையான ஊதியம், வேலையை விடும் நாளில் கையொப்பமிட்டுத் தரப்படும் ஒரு தாள்தான் என்று சொல்வது மிகையாகாது. அதைத் தரும் அதிகாரம் முதலாளியிடமே இருப்பதால், பாண்டு என்று வழங்கும் சேவை ஒப்பந்தம் அதன் மேல் எளிதாக ஏறி அமர்ந்துகொள்கிறது. ஓராண்டோ இரண்டாண்டோ பணியாற்றுவதாக எழுதி வாங்குவதும், இடையில் விலகினால் பணம் கட்டச் சொல்வதும், அதற்குப் பிணையாக அசல் சான்றிதழ்களை அலமாரியில் வைத்துக்கொள்வதும் இதன் கூறுகள். கல்வி நிறுவனங்கள் மாணவரிடம் இத்தகைய ஒப்பந்தம் பெறக் கூடாதென இந்திய செவிலியர் குழுமம் தடுத்த பின்னும் மருத்துவமனைகளில் வழக்கம் ஓயவில்லை. 2012இன் தொடக்கத்தில் சென்னைத் தனியார் மருத்துவமனைச் செவிலியர் நடத்திய வேலைநிறுத்தங்களில் சம்பள உயர்வோடு சான்றிதழ்களைத் திருப்பித் தரும் கோரிக்கையும் இடம்பெற்றது. பாண்டு எல்லாமே ஒரே தன்மையன அல்ல என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்: வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் திருச்சபைகளின் பரிந்துரையோடு படிப்பவர்கள், படிப்பு முடிந்தபின் மிஷன் மருத்துவமனைகளில் குறிப்பிட்ட காலம் பணியாற்ற உடன்படுகின்றனர்; அங்கே கடப்பாட்டுக்கு ஈடாக முன்கூட்டியே ஒன்று தரப்பட்டிருக்கிறது. படிப்புக்குத் தான் ஒரு காசும் செலவிடாத நிறுவனம் கேட்கும் பாண்டுக்கு அந்த நியாயம் இல்லை.

அரசு வேலை வேறு வாயில். 2012இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், 2015இல் போட்டித் தேர்வு நடத்தி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமித்தது. தொகுப்பூதியம் என்பது அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி போன்ற எதுவும் சேராத ஒற்றைத் தொகை. இரண்டாண்டில் காலமுறை ஊதியம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு காலிப் பணியிடங்களின் எண்ணிக்கையில் சிக்கியதால், 2017 நவம்பரில் சென்னைத் தேனாம்பேட்டையில் போராட்டம் மூண்டது. கொரோனா காலத்தில் ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்டவர்களின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடிக்கப்பட்டபோது, அவர்களுக்கு மாற்றாகக் காட்டப்பட்டது மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களின் 18,000 ரூபாய்ப் பணியிடங்கள். இச்சங்கங்கள் வெளியிடும் அறிவிப்புகளில் பணி முற்றிலும் தற்காலிகமானது, எக்காலத்திலும் நிரந்தரமாக்கப்படாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும்; சேருபவர் அதை ஏற்று உறுதிமொழியும் எழுதித் தர வேண்டும். ஃபேர்லேண்ட்ஸில் இரவுப் பணி முடித்துப் பகலில் தேர்வுக்குப் படிப்பவர்கள் குறிவைப்பது, ஆக, பல வேளைகளில் இத்தகைய அரசு வேலையைத்தான்.

இலங்கையில் இத்தேடலின் பெரும்பகுதி பயிற்சிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. செவிலியர் அங்கே தாதிய உத்தியோகத்தர் எனப்படுகின்றனர். சுகாதார அமைச்சு, வர்த்தமானி எனப்படும் அரசிதழில் விண்ணப்பம் கோரி, பள்ளியிறுதித் தேர்வான க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்தோரை அவர்களின் பெறுபேற்றின்படி நேர்முகத்துக்கு அழைத்து, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா, கண்டி, காலி முதலிய இடங்களிலுள்ள தாதியர் கல்லூரிகளில் சேர்க்கிறது. 1939இல் கொழும்பில் தொடங்கிய பயிற்சிப் பாடசாலையின் வழியில் வளர்ந்த இம்முறையில், மூன்றாண்டுப் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. மாணவருக்கு மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. இறுதிப் பரீட்சையில் தேறியவர் தாதியர் சேவையில் மூன்றாம் தரத்தில் நியமனம் பெறுகிறார். கேட்க வேண்டியது எந்த வைத்தியசாலை என்பது மட்டுமே. அதையும் வெற்றிடங்களும் தகுதி வரிசையும் தீர்மானிக்கின்றன.

இங்கும் கடப்பாடு உண்டு. அரசு செலவில் பயின்றவர் குறிப்பிட்ட ஆண்டுகள் அரசு சேவையில் இருப்பதாக ஒப்பந்தம் செய்கிறார். ஆனால் ஒப்பந்தத்தை வாங்குவது பயிற்சியையும் வேலையையும் தரும் தரப்பேயாதலால், ஃபேர்லேண்ட்ஸ் பாண்டோடு அதனை ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது. முதல் நியமனத்தில் ஈட்டப்படும் பொருளும் வேறு: அது சேவை மூப்பு. நியமனத் திகதியிலிருந்து தொடங்கும் அந்தக் கணக்கே பதவி உயர்வு, வருடாந்த இடமாற்றம், ஓய்வூதியம் ஆகியவற்றை வழிநடத்துகிறது. சேலத்துச் செவிலியருக்கு மருத்துவமனை மாறும்போதெல்லாம் சம்பளம் சற்றே உயர, இலங்கைத் தாதி நகராமல் இருப்பதாலேயே உயர்கிறார்.

இந்த உறுதிக்கு விலை இல்லாமல் இல்லை. ஓராண்டின் உயர்தரத்தில் தேறியோர் சில ஆண்டுகள் கழித்தே பயிற்சிக்கு அழைக்கப்படுவது வழக்கமாகிவிட்டதால், சேலத்தில் இருபத்திரண்டு வயதில் வரும் காத்திருப்பு அங்கே பத்தொன்பது, இருபது வயதில் வந்துவிடுகிறது. அந்த வயதில் கையில் தொழில் எதுவும் இல்லை. முதல் நியமனம் பிறந்த ஊருக்குத் தொலைவான மாவட்டத்தில் அமைந்தால், இடமாற்றப் பட்டியலில் பெயர் ஏறும் வரை குடும்பம் இரண்டாகப் பிரிந்தே வாழ வேண்டும். வர்த்தமானியின் வாயிலைத் தவறவிட்டவருக்கு மிஞ்சுவது தனியார் துறை. கொழும்பின் பெரிய தனியார் வைத்தியசாலைகள் தாமே ஆட்களைச் சேர்த்துப் பயிற்றுவிக்கின்றன என்றாலும், அரசு சேவையின் ஓய்வூதியமும் மூப்பும் அவற்றில் இல்லை. இந்த இடத்தில் மட்டும் கொழும்பின் நிலை ஃபேர்லேண்ட்ஸின் நிலைக்கு அருகே வருகிறது. தாதியர் சபைக்கான சட்டம் 1988இலேயே, அவ்வாண்டின் 19ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியிருந்தும், அன்றாட நடைமுறையில் தொழிலின் வாயிற்காவலராக நின்றது அமைச்சின் நியமனக் கடிதமே என்பது கவனிக்கத்தக்கது.

வெளிநாட்டுப் பயணத்தில் இரு முறைகளும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. குடியகல்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செல்லும் இந்தியச் செவிலியர், 2015 முதல், குறிப்பிட்ட அரசு முகமைகள் வழியாகவே ஆள்சேர்க்கப்பட வேண்டும் என்றானது. தமிழ்நாட்டில் அப்பணியைச் செய்வது 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அதன் அறிவிப்புகளிலும் கல்வித் தகுதிக்கு அடுத்த வரியில் நிற்பது அனுபவ ஆண்டுகளே. இலங்கையோ 2022இன் பொருளாதார நெருக்கடியில், அரசு ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று உழைக்க 14/2022 என்ற சுற்றறிக்கையின் மூலம் இடமளித்தது. சேவை மூப்புக்குப் பங்கம் வராது என்ற உறுதி அதில் சேர்ந்திருந்தது. வெளிநாட்டுச் சம்பளத்தையும் உள்நாட்டு மூப்பையும் ஒருங்கே வைத்துக்கொள்ளும் இந்த வசதி, தனியார் மருத்துவமனையில் ராஜினாமா கொடுத்து, நோட்டீஸ் காலத்தை முடித்து, அனுபவச் சான்றிதழோடு வளைகுடாவுக்குக் கிளம்பும் ஃபேர்லேண்ட்ஸ் செவிலியருக்கு இல்லை. திரும்பி வரும்போது அவர் மீண்டும் ஒரு நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அறையின் முன்புதான் அமர வேண்டும், இம்முறை சம்பளத்தை முதலில் பேசலாம் என்ற வேறுபாட்டோடு.